பிபிசி மைக்ரோவில் வெளி ஃபிளாப்பி டிரைவை இணைப்பது எப்படி

டிரைவ் வாங்கும் முன் கணினியைத் திறந்து பாருங்கள். அகார்ன் நிறுவனம் 1981 டிசம்பரில் வெளியிட்ட பிபிசி மைக்ரோ, அடிப்படையில் டேப் ரெக்கார்டரை நம்பிய இயந்திரம். மாடல் பி-யின் அடிப்பக்கத்தில் 'டிஸ்க் டிரைவ்' என்று எழுதிய சாக்கெட் இருக்கும். ஆனால் அதை இயக்க வேண்டிய சிப்கள் பல இயந்திரங்களில் பொருத்தப்படவே இல்லை, ஏனென்றால் அவற்றைத் தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டியிருந்தது. இந்தியப் பள்ளிகளில் 1984இல் தொடங்கிய 'கிளாஸ்' கணினிக் கல்வித் திட்டத்துக்கு வந்ததும் இதே இயந்திரம்தான். பழைய பள்ளிச் சாமான்களோடு ஒன்று கிடைத்திருந்தால், உள்ளே என்ன இருக்கிறது என்று ஊகிக்காமல் சோதித்துவிடுவது நல்லது.

கீழே வரும் கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் தருகிறோம். விசைப்பலகையில் ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் தட்டுங்கள்.

கணினிக்கு வட்டைத் தெரியுமா?

கணினியைப் போட்டதும் திரையில் 'பிபிசி கம்ப்யூட்டர் 32கே', 'பேசிக்' என்ற இரண்டு வரிகளுக்கு நடுவே 'அகார்ன் டிஎஃப்எஸ்' அல்லது 'அகார்ன் 1770 டிஎஃப்எஸ்' என்று வந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. டிஎஃப்எஸ் என்ற, வட்டிலுள்ள கோப்புகளைக் கையாளும் மென்பொருள் கொண்ட ரோம் சிப் உள்ளே இருக்கிறது. *ஹெல்ப் என்று தட்டினால் அதன் பதிப்பு எண்ணும் வரும். இன்னொரு சோதனை: பிரிண்ட் ~பேஜ். விடை பதினாறடிமான எண்ணில் வரும்; 1900 என்றால் டிஎஃப்எஸ் வேலை செய்கிறது. இ00 என்றால் டேப் மட்டும்தான். ~ விசையை அழுத்தும்போது தொடக்கத் திரையில் வகுத்தல் குறி தெரியும். அந்தத் திரை முறையின் எழுத்துரு அப்படி; கணினி அதைச் சரியாகவே புரிந்துகொள்ளும்.

*எஃப்எக்ஸ் 0 என்று தட்டி இயங்குதளப் பதிப்பையும் பாருங்கள். 1.20 வர வேண்டும். மிகப் பழைய 0.1 பதிப்போடு வட்டு ஓடாது.

ரோம் இருப்பதாலேயே டிரைவை இயக்கும் கண்ட்ரோலர் சிப்பும் இருக்கும் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. மூடியைக் கழற்றி, 40 கால் கொண்ட இன்டெல் 8271 சிப் ஐசி78 என்று குறித்த இடத்தில் இருக்கிறதா பாருங்கள். அந்த இடத்தில் சிறு பலகை ஒன்று சொருகியிருந்தால் அது பெரும்பாலும் 1770 சிப் கொண்ட பிற்கால மாற்று. இரண்டில் எது இருந்தாலும் சரி. எதுவும் இல்லாவிட்டால் 1770 பலகையைத் தேடுங்கள். 8271 அந்தக் காலத்திலேயே விலை அதிகம், இப்போது கிடைப்பதும் அரிது. கண்ட்ரோலரோடு அதைச் சுற்றியுள்ள 74 வரிசைச் சிறு சிப்களும் வேண்டும், சில லிங்குகளையும் (பலகையில் இரு புள்ளிகளை இணைக்கும் சிறு கம்பிகள்) மாற்ற வேண்டும். சால்டரிங் பழக்கம் இல்லாதவர் பழகியவரிடம் கொடுத்துவிடுவதே மேல். பி பிளஸ், மாஸ்டர் 128 ஆகிய பிந்தைய மாடல்களில் 1770 பலகையிலேயே வருகிறது.

மூடியைத் திறந்திருக்கும்போதே இடப்பக்கத்துப் பவர் சப்ளையையும் கவனியுங்கள். மெயின்ஸ் உள்ளே நுழையும் இடத்தில் ரிஃபா என்று அச்சிட்ட, தேன் நிறக் கண்ணாடி போன்ற ஃபில்டர் கெப்பாசிட்டர்கள் இருக்கும். வயதானால் அவற்றின் மேலுறையில் விரிசல் விழும், காற்றின் ஈரம் உள்ளே போகும், ஒருநாள் புகையோடு வெடிக்கும். விரிசல் தெரிந்தால் எக்ஸ்2 வகைப் புதுக் கெப்பாசிட்டர்களை அதே மதிப்பில் போடாமல் கணினியை ஓட்டாதீர்கள். சொந்தப் பவர் சப்ளையோடு வரும் பழைய டிரைவ் பெட்டிகளிலும் இதே நோய் உண்டு.

எந்த டிரைவ்?

பிபிசி எதிர்பார்ப்பது ஷுகார்ட் முறை டிரைவ், அதாவது 34 கம்பி ரிப்பன் கேபிளில் பேசுவது. யூஎஸ்பி-யில் சொருகும் வெளி ஃபிளாப்பி டிரைவ் எந்த அடாப்டர் போட்டாலும் இதற்கு உதவாது.

அந்தக் காலத்து 5¼ அங்குல டிரைவ் நல்ல நிலையில் கிடைத்தால் அதற்கு ஈடில்லை. பழைய வட்டுகளை அப்படியே படிக்கலாம். ஆனால் பழைய பிசியிலிருந்து கழற்றிய 1.2 எம்பி டிரைவ் வேண்டாம். அது நிமிடத்துக்கு 360 சுற்று சுற்றும், பிபிசிக்கு வேண்டியது 300. வேகம் மாறினால் பிட்டுகள் வரும் நேரம் மாறும், கண்ட்ரோலருக்கு ஒன்றும் பிடிபடாது.

பலருக்கும் எளிதாகக் கிடைப்பது பிசியின் 3½ அங்குல 1.44 எம்பி டிரைவ். அது 300 சுற்றுதான், டிஎஃப்எஸ் பயன்படுத்தும் ஒற்றை அடர்த்தி முறையையும் தடையின்றிப் படித்து எழுதும். வட்டு வாங்கும்போது டிடி என்ற 720கே வகையைக் கேளுங்கள். எச்டி வட்டுதான் இருக்கிறது என்றால், எழுது பாதுகாப்புத் துளைக்கு எதிர் மூலையிலுள்ள துளையை டேப்பால் மூடினால் டிரைவ் அதை டிடி என்று எடுத்துக்கொள்ளும். இது சோதனைக்குப் போதும். எச்டி வட்டின் காந்தப் பூச்சு வேறு என்பதால், காக்க வேண்டிய கோப்புகளை அதில் வைக்காதீர்கள். 5¼ அங்குல எச்டி வட்டுகளுக்கோ இந்த அரைகுறை வழிகூடக் கிடையாது. டிடி டிரைவின் மின்னோட்டம் அவற்றில் சரியாக எழுதவே எழுதாது.

மின்சாரம்

கணினியின் அடிப்பக்கத்தில் இடது ஓரத்தில் துணைப் பவர் சாக்கெட் உண்டு. அதில் +5 வோல்ட்டும் +12 வோல்ட்டும் தலா 1.25 ஆம்பியர் வரை எடுக்கலாம். -5 வோல்ட் சிறிதளவு உண்டு, டிரைவுக்கு அது தேவையில்லை. ஒரு 5¼ அங்குல டிரைவுக்கு இது போதும். இரண்டுக்குப் போதாது, மோட்டார் கிளம்பும் நொடியில் வோல்ட்டேஜ் சரிந்து கணினியே ரீசெட் ஆகிவிடும். இரட்டை டிரைவ் என்றால் சொந்தப் பவர் சப்ளை உள்ள பெட்டியாக வாங்குங்கள்.

பிசியின் 3½ அங்குல டிரைவ்களில் பெரும்பாலானவை 5 வோல்ட்டில் மட்டுமே ஓடும், 1 ஆம்பியருக்கும் குறைவாகவே இழுக்கும். துணை சாக்கெட்டிலிருந்து எடுக்கலாம், அல்லது நல்ல 5 வோல்ட் 2 ஆம்பியர் அடாப்டரைப் போடலாம். அடாப்டர் போட்டாலும் கிரவுண்ட் ரிப்பன் கேபிள் வழியே கணினியோடு சேர்ந்துவிடும்.

பிசி வழக்கப்படி சிவப்பு +5, மஞ்சள் +12, நடுவே இரண்டு கறுப்பும் கிரவுண்ட். சிறிய பெர்க் பிளக்கிலும் பெரிய மோலெக்ஸ் பிளக்கிலும் இதே நிறங்கள்தான். யாரோ கையால் செய்த பவர் கேபிளில் மட்டும் நிறத்தை நம்பாதீர்கள். 5 வோல்ட் காலில் 12 வோல்ட் ஏறினால் டிரைவின் சிப்கள் அந்தக் கணமே போய்விடும், பிளக்கைச் சொருகும் முன் மல்டிமீட்டரால் அளப்பதற்கு அரை நிமிடம்தான் ஆகும்.

கேபிள்

தேவை: 34 கம்பி ரிப்பன் ஒரு மீட்டருக்குள், கணினிப் பக்கத்துக்கு 34 துளைப் பெண் கனெக்டர், டிரைவ் பக்கத்துக்கு, 3½ அங்குலம் என்றால் அதே பெண் கனெக்டர், 5¼ அங்குலம் என்றால் 34 வழி எட்ஜ் கனெக்டர். எலெக்ட்ரானிக்ஸ் கடைகளில் இதை எஃப்ஆர்சி கேபிள், எஃப்ஆர்சி கனெக்டர் என்று கேட்க வேண்டும். பெண் கனெக்டர் சென்னை ரிட்சி தெரு போன்ற இடங்களில் கிடைப்பது சுலபம். எட்ஜ் கனெக்டருக்குப் பழைய பிசி ஃபிளாப்பி கேபிளை அறுத்து எடுப்பதே எளிய வழி. கனெக்டரைப் பிளையரால் ஒரு மூலையில் நெரிக்காமல், பெஞ்ச் வைஸில் வைத்து இரு முனையும் ஒன்றாக இறங்கும்படி மெதுவாக அழுத்துங்கள். சாய்ந்து இறங்கினால் ஓரக் கம்பி ஒன்று பற்களில் சிக்காமல் நிற்கும். அதைக் கண்டுபிடிக்க ஒரு மாலை போய்விடும்.

பிசி கேபிளை அப்படியே பயன்படுத்த முடியாததற்குக் காரணம் அதன் நடுவேயுள்ள முறுக்கு. அங்கே 10 முதல் 16 வரையான ஏழு கம்பிகள் தலைகீழாகத் திரும்பியிருக்கும். பிபிசியில் 10ஆம் கால் டிரைவ் 0 தேர்வு, 12ஆம் கால் டிரைவ் 1 தேர்வு, 16ஆம் கால் மோட்டார், 14இல் ஒன்றுமில்லை. பிசி டிரைவ் தன்னை அழைக்கிறார்களா என்று 12ஆம் காலில் காத்திருக்கும். முறுக்குக்குப் பிறகு அந்தக் காலுக்கு வருவது கணினியின் 14, அதாவது வெறுமை. டிரைவ் எப்போதும் எழுந்திருக்காது. ஆகவே முறுக்குக்கு முன்னால் உள்ள நேரான கனெக்டரைப் பயன்படுத்துங்கள்.

நேரான கேபிளில் பிசி டிரைவ் பிபிசிக்கு டிரைவ் 1 ஆகத் தெரியும். *டிரைவ் 1 என்று தட்டிவிட்டு வேலை பார்க்கலாம், ஆனால் ஷிஃப்ட்-பிரேக் அழுத்தி வட்டைத் தானாகத் தொடங்க முடியாது. அது 0-வைத்தான் தேடும், விளையாட்டுகளில் பலவும் அப்படியே. டிரைவின் பலகையில் டிஎஸ்0, டிஎஸ்1 என்ற ஜம்பரோ (இரு கால்களை இணைக்கும் சிறு மூடி) சிறு சால்டர் திட்டுகளோ இருந்தால் 0-வுக்கு மாற்றுங்கள். இல்லாவிட்டால் டிரைவ் பக்கக் கனெக்டருக்குச் சற்று முன்னால் 10, 11, 12 என்ற மூன்று கம்பிகளை மட்டும் பிளேடால் பிரித்து, மூன்றையும் சேர்த்து ஒரு புரட்டுப் புரட்டிக் கனெக்டரை அழுத்துங்கள். 10-ம் 12-ம் இடம் மாறும். நடுவிலுள்ள 11 கிரவுண்ட் என்பதால் அது இருந்த இடத்திலேயே இருக்கும். கம்பியை எண்ணும்போது சிவப்புக் கோடு போட்டது 1.

34ஆம் கால் பற்றி ஒரு வார்த்தை. ஆம்ஸ்ட்ராட் சிபிசி போன்ற கணினிகளில் பிசி டிரைவை மாட்டுபவர்கள் 'ரெடி' சிக்னலுக்காக அந்தக் காலோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். பிபிசி அந்தக் காலைப் பார்ப்பதே இல்லை. சிபிசி-க்கு எழுதிய வழிமுறையைப் பார்த்து இங்கே கம்பி வெட்டாதீர்கள்.

சொருகும்போது

கணினியைக் கவிழ்த்துப் பார்த்தால் முன்விளிம்பில் வரிசையாகச் சாக்கெட்டுகள் இருக்கும்: பவர், டிஸ்க் டிரைவ், பிரிண்டர், யூசர் போர்ட், 1 மெகாஹெர்ட்ஸ் பஸ், டியூப். இவற்றில் டிஸ்க் டிரைவுக்கும் 34 கால், 1 மெகாஹெர்ட்ஸ் பஸ்ஸுக்கும் 34 கால். கனெக்டர் இரண்டிலும் அழகாக உட்காரும். எழுத்தைப் படித்துவிட்டுச் சொருகுங்கள். மேசைக்கு அடியில் தடவிப் பார்த்துச் சொருகும் வேலை இது இல்லை.

கணினிப் பக்கத்தில் கனெக்டரின் புடைப்பு திசையைக் காட்டிக்கொடுக்கும். டிரைவ் பக்கத்தில் அந்த உதவி பெரும்பாலும் இருக்காது. 3½ அங்குல டிரைவில் 1 அல்லது 2 என்று பலகையில் அச்சிட்ட பக்கத்துக்குச் சிவப்புக் கோடு வர வேண்டும். 5¼ அங்குல டிரைவின் எட்ஜில் 4-க்கும் 6-க்கும் நடுவே ஒரு வெட்டு இருக்கும். அந்த வெட்டுள்ள பக்கம்தான் 1.

தலைகீழாகச் சொருகினால் அடையாளம் உடனே தெரியும்: கணினியைப் போட்டதும் டிரைவின் விளக்கு எரிந்து அணையாமல் நிற்கும், மோட்டாரும் ஓடிக்கொண்டே இருக்கும். ஒற்றைப்படைக் கால்கள் எல்லாம் கிரவுண்ட் என்பதால், திருப்பிப் போட்ட கேபிளில் சிக்னல் கால்கள் அனைத்தும் கிரவுண்டில் போய் உட்கார்ந்து, எல்லாக் கட்டளையும் ஒரே நேரத்தில் வந்ததாக டிரைவ் நினைக்கும். அதில் 'எழுது' என்ற கட்டளையும் அடக்கம். டிரைவ் கெடாது, உள்ளே வட்டு இருந்தால் அதிலுள்ளது அழியக்கூடும். எனவே முதல் தடவை போடும்போது டிரைவ் காலியாக இருக்கட்டும். பிறகும்கூட, போடும்போதும் அணைக்கும்போதும் வட்டை வெளியே எடுத்துவிடும் பழக்கம் நல்லது.

பழைய 5¼ அங்குல டிரைவ்களில் இன்னும் இரண்டு விஷயம். டிரைவ் எண் ஜம்பர், டிஎஸ்0 முதல் டிஎஸ்3 வரை, ஒன்றில் மட்டும் இருக்க வேண்டும். ஒரே கேபிளில் இரண்டு டிரைவ் என்றால் ஒன்று 0, மற்றது 1. எம்எக்ஸ் என்ற ஜம்பர் இருந்தால் அதை எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் இரண்டும் சேர்ந்து பதில் சொல்லும். அடுத்தது டெர்மினேட்டர், சாக்கெட்டில் உட்கார்ந்திருக்கும் 150 ஓம் ரெசிஸ்டர் தொகுதி. கேபிளின் கடைசி முனையிலுள்ள டிரைவில் மட்டும் அது இருக்க வேண்டும். இரண்டிலும் இருந்தால் சிக்னலைக் கீழே இழுக்கக் கணினிக்குத் தெம்பு போதாது. எதிலும் இல்லாவிட்டால் சில நேரம் படிக்கும், சில நேரம் படிக்காது. இந்த இரண்டாவது கோளாறுதான் ஆளைப் பாடாய்ப் படுத்தும். 3½ அங்குல பிசி டிரைவில் இந்தத் தொல்லை இல்லை.

முதல் சோதனை

டிரைவுக்குத் தனிப் பவர் என்றால் அதை முதலில் போட்டுவிட்டுக் கணினியைப் போடுங்கள். ஃபார்மட் செய்த, முக்கியமில்லாத வட்டு ஒன்றை வைத்து *. என்று தட்டி ரிட்டர்ன் அழுத்துங்கள். நட்சத்திரமும் புள்ளியும் மட்டும். அது வட்டின் பட்டியலைக் கேட்கும் சுருக்கம். டிரைவ் 1 என்றால் *. 1.

விளக்கு எரிந்து, மோட்டார் சுற்றி, கோப்புகளின் பெயர்கள் வந்தால் வேலை முடிந்தது. விளக்கே எரியாமல் கணினி அப்படியே நின்றுவிட்டால் டிரைவ் எண் பொருந்தவில்லை: பிரேக் விசையை அழுத்திவிட்டு மற்ற எண்ணைக் கொடுத்துப் பாருங்கள். விளக்கு எரிந்து மோட்டார் சுற்றியும் பட்டியல் வரவில்லை என்றால் வட்டு ஃபார்மட் ஆகாததாக இருக்கலாம், அல்லது வட்டைப் படித்து எழுதும் ஹெட்டில் அழுக்கு. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக் குச்சியால் மெல்லத் துடைத்து, காயவிட்டு, மறுபடி முயலுங்கள்.

8271 உள்ள கணினியில் 'டிஸ்க் ஃபால்ட்' என்ற செய்தியோடு வரும் எண் நிறையச் சொல்லும். (வட்டில் தரவு எழுதப்படும் வட்டப் பாதை தடம், அதன் ஒரு துண்டு செக்டார்.) 18 என்றால் தேடிய செக்டார் இல்லை: ஃபார்மட் ஆகாத வட்டு, அல்லது 40 தட வட்டை 80 தட டிரைவில் போட்டிருக்கிறீர்கள். 0இ என்றால் செக்டார் கிடைத்தது, உள்ளேயுள்ள தரவு கெட்டிருக்கிறது; 0சி என்றால் செக்டாரின் முகவரியே கெட்டிருக்கிறது. இரண்டுக்கும் ஹெட்டைத் துடைப்பதே முதல் வைத்தியம். 14 என்றால் டிரைவால் 0ஆம் தடத்தைக் கண்டுபிடிக்க முடியவில்லை: 26ஆம் கம்பியைச் சோதியுங்கள், அல்லது ஹெட் நகரும் தண்டில் பழைய கிரீஸ் இறுகியிருக்கும்.

ஹெட் நகரும்போது கரகரவென்று மெதுவாகப் போகிறதே என்று பயப்பட வேண்டாம். விசைப்பலகையின் பலகையில் வலது முன் ஓரத்தில் எட்டு லிங்குகளுக்கு இடமுண்டு. 3, 4 ஆகியவை டிரைவின் வேகத்துக்கானவை. 8271 கணினியில் இரண்டும் திறந்திருந்தால் தடம் ஒன்றுக்கு 24 மில்லிசெகண்ட், இரண்டையும் இணைத்தால் 4. பழைய டிரைவ்கள் 4-க்கு ஈடுகொடுக்காமல் தடுமாறலாம். எல்லாம் சரியாக ஓடிய பிறகு வேகத்தைத் தொடுங்கள், அதுவரை மெதுவாகவே போகட்டும்.

ஃபார்மட்டும் 40/80 சிக்கலும்

அகார்ன் 1770 டிஎஃப்எஸ்ஸில் *ஃபார்ம் 80 0 என்று தட்டினால் டிரைவ் 0-விலுள்ள வட்டு 80 தடங்களாக ஃபார்மட் ஆகும். பிறகு *வெரிஃபை 0. 8271-க்கான அகார்ன் டிஎஃப்எஸ்ஸில் இந்தக் கட்டளைகள் ரோமில் இல்லை, டிரைவோடு வந்த யூட்டிலிட்டி வட்டில் இருந்தன. அந்த வட்டு இல்லாதவர்கள் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்வார்கள். வாட்ஃபோர்ட் போன்ற மாற்று டிஎஃப்எஸ் ரோம் போட்டால் ஃபார்மட் கட்டளை உள்ளேயே இருக்கும்.

ஒரு தடத்தில் 10 செக்டார், செக்டாருக்கு 256 பைட். 40 தடம் என்றால் பக்கத்துக்கு 100கே, 80 என்றால் 200கே. பக்கம் ஒன்றுக்கு 31 கோப்புகள்தான், இடம் மிச்சமிருந்தாலும் 32ஆவது நுழையாது. இரண்டு பக்க டிரைவின் மறுபக்கம் தனி டிரைவாகக் கணக்காகும்: 0-வின் மறுபக்கம் 2, 1-இன் மறுபக்கம் 3. ஒரு பக்கத்தை மட்டும் ஃபார்மட் செய்துவிட்டு மறுபக்கம் வேலை செய்யவில்லை என்று டிரைவைக் குறை சொல்வது அடிக்கடி நடக்கிறது.

5¼ அங்குலத்தில் 40/80 சுவிட்ச் உள்ள டிரைவ் 40 தட வட்டைப் படிக்கும்: ஒவ்வொரு அடிக்கும் இரண்டடி வைத்து நகரும். படிப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். 80 தட ஹெட் குறுகலானது. அது 40 தட வட்டில் எழுதினால் பழைய அகலத் தடத்தின் நடுவே ஒரு மெல்லிய கோடுதான் மாறும், இருபக்கமும் பழைய தரவின் மிச்சம் நிற்கும். அசல் 40 தட டிரைவ் இரண்டையும் சேர்த்துப் படித்துக் குழம்பும்.

எழுது பாதுகாப்பு இரண்டு வகையிலும் நேர்மாறு. 5¼ அங்குலத்தில் பக்கவாட்டு வெட்டை ஒட்டுத்தாளால் மூடினால் பாதுகாப்பு. 3½ அங்குலத்தில் துளை திறந்திருந்தால் பாதுகாப்பு. பழைய வட்டுகளைப் படிக்கும் முன் இதைச் செய்துவிடுங்கள்.

டிரைவே கிடைக்காதவர்களுக்கு

கோடெக் என்ற ஃபிளாப்பி எமுலேட்டர் 3½ அங்குல டிரைவின் அதே வடிவில் வரும், பென் டிரைவிலுள்ள வட்டுப் பிம்பக் கோப்புகளை வட்டாகக் காட்டும். அதோடு வரும் ஃபர்ம்வேர் பிபிசிக்குப் பயன்படாது. ஃபிளாஷ்ஃபிளாப்பி என்ற இலவச ஃபர்ம்வேரை ஏற்றி, அமைப்புக் கோப்பில் இன்டர்ஃபேஸை ஷுகார்ட் என்றும் ஹோஸ்ட்டை அகார்ன் என்றும் வைக்க வேண்டும். பின்பக்க ஜம்பர் எஸ்0-வில் இருந்தால் டிரைவ் 0. கேபிள் நேரானது, முறுக்கு வேண்டாம், மின்சாரம் 5 வோல்ட் மட்டும். யூட்டிலிட்டி வட்டு இல்லாத 8271 காரர்களுக்கு இதுவே வழி: கோடெக்கை 0-வாகவும் உண்மை டிரைவை 1-ஆகவும் ஒரே கேபிளில் மாட்டி, யூட்டிலிட்டி வட்டின் பிம்பத்திலிருந்து ஃபார்மட் நிரலை ஓட்டலாம். பிறகு *எனேபிள், அடுத்த வரியில் *பேக்கப் 0 1 என்று தட்டினால் ஒரு பக்கம் முழுவதும் உண்மை வட்டுக்கு நகலாகும். எண்களின் வரிசையைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள், முதலில் வருவது மூலம்.

எல்லாம் ஓடத் தொடங்கிய பின் சில டேப் விளையாட்டுகள் 'நோ ரூம்' என்று மறுத்தால் டிரைவில் பழுது தேட வேண்டாம். டிஎஃப்எஸ் தன் வேலைக்கு நினைவகத்தில் இ00 முதல் 1900 வரை எடுத்துக்கொள்கிறது, ஏறத்தாழ 2.75கே. டேப்புக்கென எழுதிய பெரிய நிரல்களுக்கு அந்த இடம் வேண்டும். *டேப் என்று தட்டி, அடுத்து பேஜ்=&இ00, பிறகு நியூ என்று கொடுத்து டேப்பிலிருந்து ஏற்றுங்கள். வட்டுக்குத் திரும்ப கன்ட்ரோலும் பிரேக்கும் சேர்த்து அழுத்தினால் போதும்.